கனி இருந்த இடம்

ஆறு நாளாகக் கட்டிலை விட்டு இறங்காத பிள்ளையின் உள்ளங்காலில் வண்டல் அப்பியிருந்தது.

ஜெயஷீலா ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து நெற்றி, கழுத்து, அக்குள் என்று துடைத்துக்கொண்டே வந்தவள், போர்வையை விலக்கிக் காலைத் துடைத்தபோது துணி கறுத்துப்போனது. மடித்து இன்னொரு தடவை துடைத்தாள். மறுபடியும் கறுப்பு. விரல் இடுக்கிலெல்லாம் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாத்ரூமுக்குக்கூட பெனிஸ்டன்தான் மகளைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறான். வீடு இருப்பதோ இரண்டாம் மாடி. தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். நேற்றுச் சாயங்காலம்தான் டெட்டால் ஊற்றித் துடைத்திருந்தாள்.

"ஏளா பெனி, அம்மாவுக்குத் தெரியாம எறங்கி எங்கயும் போனியா?"

பெனிஷா கண்ணைத் திறக்கவில்லை. தலையணையில் கன்னத்தை வைத்துப் படுத்தபடியே சொன்னாள்: "இல்லம்மா. உக்காந்தேதான் இருக்கேன். ரொம்ப நேரமா உக்காந்தே இருக்கேன். இடுப்பு வலிக்கு."

காய்ச்சலில் ஏழு வயசுப் பிள்ளை எதையாவது உளறத்தான் செய்யும். ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள், நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. வைரல்தான், தானாக விட்டுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் வேர்க்கும், பிறகு பழையபடி அனல். பெனிஸ்டனுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. ஷிப்டு முடிந்து வந்தால் அவன் பார்த்துக்கொள்வான், அவன் போனால் இவள். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி ஆறு நாளாகிறது. எதைப் பற்றியும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் யோசிக்க ஜெயஷீலாவுக்குத் தெம்பு இல்லை. அதனால் வண்டலைப் பற்றியும் யோசிக்காமல் துணியைக் கொண்டுபோய் பக்கெட்டில் அலசினாள். தண்ணீர் கலங்கியதும்தான் வாடை எழும்பியது.

அழுகின வாழைத்தண்டு. மண்ணெண்ணெய். நனைந்த கம்பளி.

தூத்துக்குடியில் மண் என்றால் மணல்தான். தெற்கே போனால் தேரிச் செம்மண். இந்தக் கறுப்பு ஆறு கொண்டுவருகிற கறுப்பு. போன மார்கழியில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது, அவள் டிராயிங் டீச்சராக இருக்கும் ஏரல் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பறையிலும் முழங்கால் அளவுக்கு இது கிடந்தது. ஒரு வாரம் மண்வெட்டி பிடித்து அள்ளிப் போட்டவள் அவள். வேறு எதை மறந்தாலும் இந்த வாடையை அவள் மூக்கு மறக்காது.

பக்கெட்டைக் கவிழ்த்தாள். மூன்று செம்பு தண்ணீர் விட்டும் குழாயடியில் கறுப்பு நின்றது.

ஹாலைத் தாண்டும்போது சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்க்கவில்லை. பழைய காட்டன் சேலையைப் போட்டு அதை மூடி வைத்திருந்தாள்.

அந்தப் படத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தீராது.

வெள்ளத்தின்போது பள்ளிக்கூடத்து மாடியில் நூற்றுச் சொச்சம் பேர் தங்கியிருந்தார்கள். அதில் ஒரு குடும்பம், மாரிராஜ், முத்துச்செல்வி, அவர்கள் மகள் கனி. பாட்டியின் பெயரான செல்லக்கனியைத்தான் வைத்திருந்தார்கள், கூப்பிடுவது கனி. ஆறேழு வயசு, முன்பல் ஒன்று இல்லை, யாரோ கொடுத்த பெரிய ஆம்பிளைச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கும். பெரியவர்களெல்லாம் பித்துப் பிடித்த மாதிரி ஆற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு சோறு போடுகிற இடத்தில் வந்து நிற்பாள். "டீச்சரக்கா, இன்னுங் கொஞ்சம்" என்று இரண்டாம் தடவை கேட்பாள். மூன்றாம் தடவையும் கேட்பாள். ஜெயஷீலா சிரித்துக்கொண்டே போடுவாள்.

தண்ணீர் வடிந்த அன்று அவர்கள் மூவரும் ரோட்டோரச் சிமெண்டுத் திட்டில் போக இடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு துணி மூட்டை, ஒரு குடம், மாரிராஜின் கக்கத்தில் ஒரு சேவல். பின்னால் நீளமாக ரோடு, இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் பனைகள். ஜெயஷீலா போனில் படம் எடுத்தாள். முத்துச்செல்வி, "எங்களுக்கும் ஒண்ணு பிரிண்டு போட்டுத் தாங்கக்கா, எல்லாம் ஆத்தோட போயிட்டு" என்று கேட்டாள். சரி என்றாள். கொடுக்கவில்லை. எங்கே கொடுக்க, அதற்குள் அவர்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள், அவளுக்கும் ஆயிரம் ஜோலி.

வீடிழந்தவர்களைப் பற்றிச் சென்னையில் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்கள் என்று தெரிந்தபோது இந்த ஐப்பசியில்தான் அந்தப் போட்டோவை எடுத்துப் பெரிய கேன்வாஸில் ஆயில் பெயின்டில் வரைந்தாள். பதினெட்டு வருஷமாக ஆப்பிளும் பூச்சாடியும் கரும்பலகையில் வரைந்து காட்டியவளுக்கு அது முதல் வாய்ப்பு. அவளுக்கு ஓவியம் கற்றுத்தந்த ராஜதுரை சார்தான் தேர்வுக் குழுவில் இருந்தார். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினாள். சார் போன் பண்ணினார்.

"எல்லாம் நல்லாருக்கும்மா. அந்த மூட்டை, அந்தச் சேவல், பிரமாதம். ஆனா புள்ள சிரிக்குதே. நாலு நாளு பட்டினி கெடந்த புள்ள மாதிரியா இருக்கு? பாக்கவன் மனசு உருகணும்லா. அந்த மூஞ்சிய மட்டும் மாத்திரு."

கனி உண்மையிலேயே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று சொல்ல ஜெயஷீலா வாயெடுத்தாள். சொல்லவில்லை. சாருக்குச் சொல்ல முடியுமா? சரி சார் என்று போனை வைத்தாள்.

அன்றைக்குப் பெனிஷாவுக்குச் சாதாரண ஜலதோஷம். சோபாவின் மூலையில் சுருண்டு, கண் இடுங்கி, உதடு வறண்டு கிடந்தாள். ஜெயஷீலா அடுப்படியிலிருந்து வந்தவள் நின்றுவிட்டாள். தேடிய முகம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஓடிப்போய் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தாள். முக்கால் மணி நேரம். நடுவில் பிள்ளை இரண்டு தடவை "அம்மா, தண்ணி" என்று கேட்டது. "இரு பெனி, ஆடாத, இந்தா முடிச்சிட்டேன்" என்றாள். கனியின் சிரிப்பின் மேல் தன் மகளின் முகத்தை வைத்து மூடினாள். அந்த முக்கால் மணி நேரத்தை இப்போது நினைத்தால் அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் காய்ச்சல் தொடங்கியது.

ஏழாம் நாள் மத்தியானம் பெனிஷா தூக்கத்தில் கையை உதறிக்கொண்டு, "அந்தச் சேவல அங்கன தூக்கிப் போடச் சொல்லும்மா, கொத்துது" என்றாள். ஜெயஷீலா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். காய்ச்சல் தொடங்கியதிலிருந்து படத்துக்குச் சேலை போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் பார்த்திருப்பாள், சேவல் மனசில் பதிந்திருக்கும், அவ்வளவுதான். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஹாலுக்குப் போய்ச் சேலையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள்.

படம் அப்படியேதான் இருந்தது. மாரிராஜ், முத்துச்செல்வி, நடுவில் பெரிய சட்டைக்குள் பெனிஷாவின் முகம். எண்ணெய் வாடை. மூட்டை முத்துச்செல்வியின் மடியில்.

மடியிலா?

மூட்டையைத் தரையில்தான் வரைந்திருந்தாள். முடிச்சு தளர்ந்து, உள்ளிருந்து ஒரு கிழிந்த பாவாடை எட்டிப் பார்க்கிற மாதிரி. அந்தப் பாவாடையின் ஓரத்துக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. இப்போது முடிச்சு இறுக்கிக் கட்டியிருந்தது. முத்துச்செல்வியின் இரண்டு கையும் மூட்டையின் மேல் இருந்தன. பஸ் வரக் காத்திருப்பவள் கை மாதிரி.

அவள் சேலையை இழுத்து மூடினாள். தூக்கம் இல்லாத கண், எதையும் எப்படியும் காட்டும். அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்தபோதுதான் ஹால் சுவரில் கோடு தெரிந்தது. முழங்கால் உயரத்தில், சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, நூல் பிடித்த மாதிரி பழுப்பாக ஈரக்கோடு. வெள்ளம் நின்ற வீடுகளில் எல்லாம் இருக்குமே, அந்தக் கோடு. தொட்டுப் பார்த்தாள். விரலில் சில்லென்று ஒட்டியது. கீழ்வீட்டில் இல்லாத தண்ணீர் மேல்வீட்டுச் சுவரில் எப்படி நிற்கும்?

சாயங்காலம் பெனிஸ்டன் வந்ததும் காட்டினாள்.

"பைப்பு லீக்காகுது போல. ஹவுஸ் ஓனர்ட்ட சொல்லுதேன்" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "ஏளா ஷீலா, நீ மொதல்ல ஒரு மணி நேரம் படு. நீயும் விழுந்துட்டா நான் என்ன செய்ய? ஜெபம் பண்ணிட்டுப் படு" என்றான்.

அவள் படுத்தாள். ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை ஓடவில்லை. ஹாலிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. சேவல் தொண்டைக்குள்ளேயே கேறுகிற சத்தம்.

எட்டாம் நாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். கண்காட்சியும் வேண்டாம், சாரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மேலே பூசியதைச் சுரண்டிவிட்டால் அடியில் கனியின் முகம் அப்படியே இருக்கும். பெனிஸ்டன் வேலைக்குப் போனதும் வேகமாகச் சேலையை உருவினாள்.

மாரிராஜ் எழுந்து நின்றிருந்தான்.

பார்க்காதே, வேலையைப் பார் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். துணியில் டர்பன்டைன் நனைத்தாள். பேலட் கத்தியின் நுனியைப் பிள்ளையின் தாடையோரம் மெதுவாக வைத்து நெம்பினாள். இன்னும் முழுக்கக் காயாத பெயின்ட், ஏடாக எழும்பி வந்தது. கீழே வெள்ளையாக ஒரு கீற்று. பல். பக்கத்தில் பல் இல்லாத இடைவெளி. கனி அங்கேதான் இருந்தாள், சிரித்துக்கொண்டே. நனைந்த துணியை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

"அம்மா!"

உள்ளே ஓடினாள். பெனிஷா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி எரியுதும்மா. யாரோ உரிக்காவ. வேண்டாம்னு சொல்லும்மா."

கையை விலக்கிப் பார்த்தாள். தாடையோரம், கத்தி நுனி அளவுக்கு, தோல் போய்ச் சிவந்திருந்தது. பிள்ளையின் வாயிலிருந்து டர்பன்டைன் வாடை அடித்தது.

ஜெயஷீலா மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். சத்தமாக அழக்கூடத் தெம்பில்லை. கண்ணீர் மட்டும் அதன் பாட்டுக்கு இறங்கியது. பிள்ளை அவள் காதருகே வாயைக் கொண்டுவந்து, "எப்பம்மா கெளம்புவாவ? அந்த அத்த மூட்டையெல்லாம் கட்டிட்டா" என்றாள்.

அழித்தாலும் போச்சு, விட்டாலும் போச்சு. இனி அந்தக் குடும்பத்தைத்தான் பார்க்க வேண்டும். காலில் விழ வேண்டும் என்றால் விழ வேண்டும். பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா மெட்டில்டாவுக்குப் போன் பண்ணிக் கேட்டாள். "ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்துல வேல பாக்காவன்னு சொன்னாவ டீச்சர். ரோட்டு மேலேயே வரிசையா தகரச் செட்டு இருக்கும்லா, அங்கன கேட்டாத் தெரியும்" என்றாள் அவள்.

ஒன்பதாம் நாள் பெனிஸ்டன் லீவு போட்டுப் பிள்ளையோடு இருந்தான். ஜெயஷீலா மத்தியானம் பஸ் பிடித்துப் போனாள்.

கார்த்திகை மழையில் பாத்திகளெல்லாம் நிறைந்து உப்பளம் வேலையில்லாமல் கிடந்தது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். தகரக் கொட்டகை வரிசையில் நான்காவது முத்துச்செல்வியுடையது. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். ஆனாலும் டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கக்கா, வாங்க. எங்கள ஞாபகம் வச்சித் தேடி வந்திருக்கியளே. இங்கன இரிங்க. அவுக வேல தேடி டவுனுக்குப் போயிருக்காவ."

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். ஜெயஷீலா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் கண்ணால் தேடினாள். ஒரு பாய், ஒரு கொடியில் இரண்டு சேலை. அந்தக் குடம்.

"கனிய எங்க? பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாளா?"

முத்துச்செல்வி காப்பிச் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அவ இல்லக்கா. நீங்க போட்டா பிடிச்சிட்டுப் போனியள்லா, அதுக்கு மறுநா காய்ச்சல்ல விழுந்தா. என்னமோ டெஸ்ட்டெல்லாம் எடுத்தாவ, ஒண்ணுமில்ல, தானா விட்டுரும்னாவ. ஒம்பதாம் நாளு சாயங்காலம் வெளக்கு வைக்க நேரத்துல போயிட்டா."

ஒன்பதாம் நாள். ஜெயஷீலா மனசுக்குள் மறுபடியும் நாட்களை எண்ணிப் பார்த்தாள்.

"ஒத்தப் படங்கூட இல்லக்கா எங்ககிட்ட. அவ மூஞ்சி மறந்துருமோன்னு பயமா இருக்கு. இவுகதான் சொல்லுவாவ, டீச்சரு நம்மள வரையப் போறாவளாம், ஏரல்ல பேசிக்கிடுதாவன்னு." ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முத்துச்செல்வி நேராகப் பார்த்தாள். "வரைஞ்சாச்சாக்கா? அதுல கனி இருக்காள்லா?"

சொல்லத்தான் வந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டுதான் வந்தாள். உன் பிள்ளை சிரித்தாள், அதனால் அழித்தேன் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

"இருக்கா" என்றாள் ஜெயஷீலா.

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலயா?"

"ஆமா. நடுவுலதான்."

முத்துச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. "அது போதும்க்கா. அவளுக்கு எடமில்லன்னா தாங்காது. குடிச ஆத்தோட போன அன்னைக்கே என்ன செஞ்சா தெரியுமா? எந்த வூட்டுக் கதவு தொறந்து கெடந்துதோ உள்ள போயி உக்காந்துக்கிட்டு, சோத்தப் போடுங்கன்னுட்டா. அவ்வளவு சேட்ட." சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். "போன்ல இருக்கும்லா அந்தப் போட்டா? காட்டுங்களேன், ஒருக்கா பாத்துக்கிடுதேன்."

"சார்ஜ் போயிட்டு" என்று பொய் சொன்னாள் ஜெயஷீலா. அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டாள்.

பஸ் வழியெல்லாம் நின்று நின்று போனது. ஒரு இடத்தில் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று அரை மணி நேரம் நிறுத்திப் போட்டுவிட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தாள். போன மார்கழிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் போனாள். இதோ. ரோடு, தண்ணீர், பனை. மாரிராஜ் சேவலோடு உட்கார்ந்திருந்தான். முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் சிமெண்டுத் திட்டில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தது. பிள்ளை எழுந்து போன மாதிரி, அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

போட்டோவிலும் கனி இல்லை.

போன் அடித்தது. பெனிஸ்டன்.

"ஷீலா! காய்ச்ச விட்டுட்டு! இப்பதான் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன், நார்மல். எந்திரிச்சு உக்காந்துட்டா பாத்துக்க. பசிக்குன்னு சொல்லுதா. நீ அழாத, ஏளா, சரியாயிட்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மெதுவா வா."

அவள் அழவில்லை. வெளியே பார்த்தாள். மணி ஆறு ஆகப்போகிறது. வழியோரக் கடைகளில் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, வாசக் கதவு சாத்தியிருக்கா?"

"எதுக்குக் கேக்க? காத்து வரட்டும்னு மத்தியானத்துலேருந்து தொறந்துதான் போட்டிருக்கேன்."

மாடிப்படி ஈரமாக இருந்தது. ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது, பிள்ளைச் சிரிப்பு. ஒன்பது நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். எந்தத் தாய்க்கும் கால் ஓடும். அவள் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினாள்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே வண்டல் வாடை.

டைனிங் டேபிளில் முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளை உட்கார்ந்திருந்தது. பெனிஸ்டனின் பழைய சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஐந்து விரலையும் சோற்றுக்குள் விட்டுப் பிசைந்து அள்ளி அள்ளித் தின்றது. கத்தரிக்காய்க் குழம்பு. பெனிஷா கத்தரிக்காயை நாக்கில் வைக்க மாட்டாள்.

"வேர்த்து நைட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு, அதான் என் சட்டைய மாட்டிவிட்டேன்" என்றான் பெனிஸ்டன். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். "மூணாவது தடவ சோறு கேக்கா, நம்ம புள்ளயா இது! காய்ச்சல்ல முன்பல்லு வேற விழுந்திருக்கு, பாரு. எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னே தெரியல, கட்டிலெல்லாம் தேடுதேன்."

அவள் பிள்ளையிடம் போகவில்லை. ஹால் மூலைக்குப் போனாள். சேலை தரையில் விழுந்து கிடந்தது. தொட்டால் ஈரம்.

திட்டு காலியாக இருந்தது.

மாரிராஜ் இல்லை. முத்துச்செல்வி இல்லை. மூட்டை, குடம், சேவல், எதுவும் இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் அவள் வரையாத சிமெண்டு, அவள் வரையாத ஈரம். பின்னால் அந்த ரோடு மட்டும் நீளமாக, இரண்டு பக்கமும் தண்ணீரோடு, பனைகள் வரை போனது.

குனிந்தாள். கண்ணைக் கேன்வாஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

ரோட்டின் கடைசியில் மூன்று புள்ளிகள். அரிசி உயரம். ஒன்று தலையில் மூட்டை வைத்திருந்தது. ஒன்றின் கக்கத்தில் சேவல். இரண்டும் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தன.

நடுவில் இருந்த சின்னது மட்டும் திரும்பி நின்றது. ரோஸ் நிறம். பெனிஷாவின் நைட்டியின் ரோஸ். அந்தப் படத்தில் அவள் ரோஸ் தொடவே இல்லை. முகம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, பிரஷ் நுனி அளவுகூட இல்லை. ஒரு கையை மட்டும் தூக்கியிருந்தது.

"பெனி" என்றாள் ஜெயஷீலா.

வரைய வேண்டும். இழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்து வரைய வேண்டும். இருக்கிறதிலேயே சின்ன பிரஷ். பெட்டியைக் கவிழ்த்தாள். பிரஷ்கள் உருண்டன. பெயின்ட் டியூபுகள். ரோஸ் எங்கே? சிவப்பு. வெள்ளை. கிடைத்தது.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. தட்டை மேஜையில் தட்டுகிற சத்தம். டங். டங்.

"டீச்சரக்கா, இன்னுங் கொஞ்சம்."

"அம்மாவப் போயி டீச்சரக்காங்கா பாரு, சேட்டைய!" பெனிஸ்டன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள்.

தூக்கிய கை இறங்கியிருந்தது. ரோஸ் புள்ளியும் இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு மற்ற இருவருக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தது.